மழைக்காலத்தில் குளம்பு அழுகல்: ஃபிராக்கை நாமே செதுக்கலாமா?

பாலிக்புலாவ்_சவாரி:
12 வயசுக் குதிரை, லாடம் கிடையாது. மழை பிடித்ததிலிருந்து பின்னங்கால் இரண்டிலும் ஃபிராக் (குளம்படியில் இருக்கிற முக்கோண மெத்தை) கருத்துப்போய், நோண்டினால் கருப்புப் பசையாக வருது. நாற்றம் தாங்கல. தினமும் பைப்பில் கழுவி அயோடின் ஊற்றுறோம், குறையல. நொண்டல் இல்லை. லாடக்காரர் வந்து எட்டு வாரம் ஆச்சு. அவர் வரும்வரை நாமே கத்தியால் செதுக்கிவிடலாமா?

அரமும்_குறடும்:
செதுக்காதீங்க. தொங்கிக்கிட்டு இருக்கிற கிழிசலை மட்டும் வெட்டுங்க, அதுவும் அழுக்கு போய்த் தங்குதுன்னா மட்டும். உயிருள்ள ஃபிராக் ரப்பர் மாதிரி இருக்கும். அதில் கத்தி வைத்தால் கிருமிக்கு நீங்களே வாசல் திறந்த மாதிரி.

பைப்பை முதலில் நிறுத்துங்க. இந்தக் கிருமி காற்றுப் படாத ஈரத்தில் பெருகுவது. குளம்பு நோண்டும் குத்துக்கம்பியை குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுத்து, ஃபிராக்கின் இரு பக்கப் பள்ளத்தையும் சுத்தம் செய்து, காய்ந்த பிரஷால் தேயுங்க. அப்புறம் ஃபிராக்கின் நடுப்பிளவைப் பாருங்க. ஆரோக்கியமான குளம்பில் அது கட்டைவிரல் பதிந்த மாதிரி ஆழமில்லாத குழி. காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் மேலே ஊற்றுற அயோடின் அடிவரை எட்டாது. பஞ்சை அயோடினில் நனைத்து பிளவுக்குள் மெதுவாகத் திணித்து, தினமும் மாற்றுங்க.

பாலிக்புலாவ்_சவாரி:
குச்சி நல்லாவே உள்ளே போகுது அண்ணே. இடது காலைத் தொட்டதும் இழுத்துக்கிச்சு. மயில்துத்தம் போடலாமா?

அரமும்_குறடும்:
தூளாக வேண்டாம், பச்சைச் சதையை எரிச்சிடும். இழுக்குதுன்னா வலி இருக்கு. இந்த அழுகல் சுற்றிச் சுற்றி வருவதே அதனாலதான்: குதிகால் வலித்தால் குதிரை நுனியை முதலில் ஊன்றும், குதிகால் வேலை செய்யாமல் சுருங்கும், பிளவு இன்னும் இறுகும், உள்ளே காற்றே போகாது.

கேஎல்_லாடம்:
எட்டு வாரம் இந்தச் சீதோஷ்ணத்துக்கு அதிகம். குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். நுனி நீண்டால் ஒவ்வொரு அடிக்கும் குளம்புச் சுவர் நெம்பப்பட்டு, வெள்ளைக்கோடு (சுவரும் உள்ளங்காலும் சேருற இடம்) விரியும். அதிலும் மண் ஏறும். லாடக்காரரிடம் நுனியைப் பின்னுக்கு ராவி, குதிகால் உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்க, உள்ளங்காலைத் தொட வேண்டாம்னு தெளிவாகவே சொல்லிடுங்க. இனி ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை.

இன்னொன்று, கருப்பு எண்ணெய் தடவச் சொல்லி யாராவது வருவாங்க. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுற வேலை அது.

கொட்டடியில் மூத்திரம் ஊறின மரத்தூளை காலையும் மாலையும் அள்ளுங்க, மேலே புதுத்தூள் தூவி மறைக்காதீங்க. குளம்பு சுட்டாலோ, கணுக்காலுக்குப் பின்னால் நாடி தெறித்தாலோ, பிளவு மயிர் முளைக்கிற இடம்வரை ஏறியிருந்தாலோ லாடக்காரருக்குக் காத்திருக்காமல் மிருக டாக்டரைக் கூப்பிடுங்க.