22 கிலோவில் இலை எவ்வளவு?

நேர்கோடு:
"கஞ்சா கேஸில் மாட்டியவன் எல்லாம் ஒரே வாரத்தில் ஜாமீனில் வந்துவிடுகிறான், நம் சட்டத்துக்குப் பல்லே கிடையாது" என்று எழுதிய காவலன் ஐயா, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவை ஒரு தடவையாவது படித்திருக்கிறீர்களா? வணிக அளவு என்று போட்டுவிட்டால், அரசு வக்கீல் எதிர்க்கும்போது, ஜாமீன் கிடைக்க, இவன் குற்றவாளி இல்லை என்றும் வெளியே போனால் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்றும் நீதிபதியே நம்ப வேண்டும். தண்டனை குறைந்தது 10 வருடம். கஞ்சாவில் வணிக அளவுக்கு எல்லைக்கோடு 20 கிலோ. மூட்டையை அப்படியே தராசில் வைத்து 22 கிலோ என்று எழுதினால் அதில் இலை எவ்வளவு, பூ எவ்வளவு? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிதான்.

காவலன்:
தோட்டக்கலை வகுப்பு வேண்டாம். ஒரு கிலோவுக்குள் வைத்திருந்தால் அதிகபட்சம் ஒரு வருடம், பத்தாயிரம் ரூபாய் அபராதம். சில்லறை விற்பவன் அந்த அளவைத் தாண்டுவதே இல்லை. அவன் வெளியே வருகிறானா இல்லையா?

நேர்கோடு:
நான் கேட்டது 22 கிலோவைப் பற்றி. இலை எவ்வளவு?

கறுப்பு அங்கி:
2020 ஹீரா சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன இலை, பூ?

நேர்கோடு:
அது போதைப்பொருளில் கலக்கும் வேறு பொருளைப் பற்றியது. இலை என்ன கலப்படமா? வக்கீல் என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது, தீர்ப்பையும் படிக்க வேண்டும்.

கறுப்பு அங்கி:
நுனியோடு சேர்ந்திருந்தால் இலையும் கஞ்சாதான். அந்த வரியை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள்.

நேர்கோடு:
சேர்ந்திருந்ததா என்று யார் பார்த்தார்கள்? பிரித்துப் பார்த்து, பறிமுதல் செய்தபோது எழுதும் மகஜரில் எழுதினார்களா? அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன். ஒரு மனிதனின் பத்து வருடம் அந்த இரண்டு கிலோவில் இருக்கிறது.

காவலன்:
கடத்துகிறவனுக்கு இவ்வளவு உருகுகிற நீங்கள், அதைப் புகைத்துக் கெட்டுப்போன பிள்ளைகளுக்காக ஒரு வரி எழுதியதுண்டா?

மழைமேகம்:
சிகிச்சைக்கு முன்வருகிற போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு தர அதே சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது, அதைப் பேசலாமே.

நேர்கோடு:
அது வேறு விஷயம். காவலன், போன மாதம் இரண்டாவது முறை மாட்டினால் தூக்கு கட்டாயம் என்று சாதித்தீர்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு அது நீதிபதி கையில்தான் என்று காட்டியதும் ஆளையே காணோம். இப்போதும் 22 கிலோவுக்குப் பதில் வரவில்லை.

காவலன்:
எனக்கு வேலை இருந்தது. தூக்கு வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.