டோலரஸ் ஹார்ட் பற்றி எழுதுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேவாலயப் பங்கு இதழுக்காக, ஹாலிவுட் நடிகையாக இருந்து கன்னியாஸ்திரி ஆன டோலரஸ் ஹார்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்விஸ் பிரெஸ்லியோடு இரண்டு படங்கள் நடித்து, வாய்ப்புகள் குவிந்துகொண்டிருந்த நேரத்தில், நிச்சயமான கல்யாணத்தையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, 1963-இல், 24 வயதில், கனெக்டிகட்டில் உள்ள ரெஜினா லாடிஸ் என்ற பெனடிக்டைன் சபையின் அடைபட்ட மடத்தில் (கன்னியாஸ்திரிகள் வெளியே போகாமல் உள்ளேயே வாழும் மடம்) சேர்ந்தவர். காதல் தோல்வி என்று யாராவது கதை கட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அந்த மாப்பிள்ளை டான் ராபின்சன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாமல், 2011-இல் இறக்கும்வரை மடத்துக்கு வந்து அவரைப் பார்த்துப் போயிருக்கிறார்.

சரி, என் சந்தேகம் இதுதான். அவர் இறுதி வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான துறவற வாக்குறுதி, கொடுத்தது 1970-இல். நடுவில் இருக்கும் ஏழு வருடத்தில் என்னென்ன நிலைகள், எப்போது துறவற உடுப்பு, எப்போது முதல் வார்த்தைப்பாடு? உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ கார்மேல் சபை மாதிரி அடைபட்ட மடத்தில் யாராவது இருந்தால், பார்க்கப் போகும்போது கம்பி அழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டுமா, இப்போது மாறிவிட்டதா என்றும் சொல்லுங்கள். அப்புறம், அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது ரெஜினா லாடிஸ் போய் அந்த லத்தீன் பாடல் வழிபாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது, அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.