பூங்காவுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா? ரிம்பா கியாராவை வைத்து ஒரு விவாதம்

காலை நடை:
கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட மாநகர மன்றம் கொடுத்த அனுமதியை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. 25 ஏக்கர் பூங்காவில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். பக்கத்திலுள்ள தாமான் துன் மக்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து காப்பாற்றினார்கள். ஒவ்வொரு பூங்காவுக்கும் இப்படி அலைய யாரால் முடியும்? நகரப் பூங்காவிலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று தனிச் சட்டமே வேண்டும். அதைக் கேட்டு மனு எழுதுகிறேன்.

தோட்டத்துப் பேரன்:
அந்தத் திட்டத்தில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கும் வீடு இருந்ததே அண்ணே, அதை ஏன் சொல்லவில்லை? தற்காலிகம் என்று ரூமா பாஞ்சாங்கில், அதாவது வரிசை வீடுகளில், குடிவைத்தார்கள். 1980களிலிருந்து அங்கேயே கிடக்கிறார்கள். மரத்துக்குச் சட்டம், எங்களுக்கு வாய்வார்த்தையா?

காலை நடை:
தம்பி, அவர்களுக்கென்று ஒரு கட்டடம்தான். மற்றவை எட்டுச் சொகுசுக் கோபுரங்கள். ஏழைகளைக் காட்டிப் பூங்காவை விற்கப் பார்த்தார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். ரூமா பாஞ்சாங் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டட்டும், நானும் வந்து நிற்கிறேன்.

புக்கிட் நானாஸ் வாசி:
சட்டம் போட்டால் மட்டும் நிற்குமா? நகர நடுவிலுள்ள புக்கிட் நானாஸ் 1906லேயே கெஜட் ஆன, அதாவது அரசிதழில் அறிவித்த, வனம். அப்போது 17.5 ஹெக்டர், இப்போது 9.37. கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துவிட்டார்கள்.

காலை நடை:
அதனால்தான் நிலத்தைப் பாதுகாப்பிலிருந்து விடுவிப்பதைக் கடினமாக்க வேண்டும் என்கிறேன். 2022இல் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தினார்களே: வனத்தை விடுவிக்குமுன் பொது விசாரணை, பதிலுக்கு அதே அளவாவது நிலம். ஆனால் அது நிரந்தர வனங்களுக்கு மட்டும். நம் பூங்காக்கள் அதில் வராது. மாநகர மன்றம் நகரத் திட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ரிம்பா கியாரா வழக்கில் நீதிமன்றம் சொன்னது, நல்லது. ஆனால் திட்டத்தையே மாற்றிவிட்டால்?

தோட்டத்துப் பேரன்:
சரி, ஒன்று சொல்கிறேன். கியாரா மலைப்பாதையில் பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. பட்டையில் கத்தி போன தழும்பைத் தடவிப் பாருங்கள், தடித்து மேடாக இருக்கும். என் பாட்டி அங்கே பால் வெட்டினார். அந்த மரங்களை வெட்ட எனக்கும் மனசு வராது. நீங்கள் கேட்கும் சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதுங்கள்: பூங்காவைக் கெஜட் செய்யும்போதே அங்கே குடியிருப்பவர்களுக்கு வீட்டு நிலம் ஒதுக்கி, எல்லையை வரைபடத்தில் காட்ட வேண்டும். அதற்கு முதல் கையெழுத்து என்னுடையது.

காலை நடை:
மனுவில் அதைச் சேர்க்கிறேன் தம்பி. வாசகத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.