முட்டையும் சாப்பிடாத அம்மாவை மினசோட்டா ஸ்டேட் ஃபேருக்கு அழைத்துச் செல்லலாமா?

பவானிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மினியாபொலிஸ் நகருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து ஜூன் மாதம் வந்த அப்பாவும் அம்மாவும் செப்டம்பர் நடுவில் திரும்பிவிடுவார்கள். அதற்குள் ஒரு நாளாவது பக்கத்தில் ஃபால்கன் ஹைட்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் மாநிலச் சந்தையான ஸ்டேட் ஃபேருக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்று என் ஏழு வயது மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

எனக்குத்தான் தயக்கமாக இருக்கிறது. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், எண்ணெயில் பொரித்துக் குச்சியில் செருகித் தரும் தின்பண்டங்களைப் பற்றியே மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அம்மா முட்டையைக்கூடத் தொடமாட்டார்; இறைச்சி பொரித்த எண்ணெயில் வெந்த எதையும் வாயில் வைக்கமாட்டார். அப்பா எல்லாம் சாப்பிடுவார் என்றாலும் அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

இவ்வளவுக்கும் மீறி அப்பாவுக்கு ஆசை வந்திருக்கிறது. அவர் அந்தியூர்ப் பக்கத்துக்காரர். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையையும் மாட்டுச் சந்தையையும் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். இங்கேயும் மாடுகள் வரும் என்று பேத்தி சொன்னதிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டை அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா, அல்லது வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லதா? எந்த நேரத்தில் போனால் முதியவர்களுக்குத் தாங்கும்? போய்வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஏரிநாட்டார்:

புளியோதரையைக் கட்டிக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து உணவு கொண்டுவரத் தடை இல்லை. ஆனால் அதைப் பிரிக்க வேண்டிய தேவை வராமலே போகலாம்.

நம் ஊர்ப் பொருட்காட்சியை நினைத்துக்கொண்டால் இதில் பாதி புரிந்துவிடும். டெல்லி அப்பளத்தையும் மிளகாய் பஜ்ஜியையும் ராட்டினத்தையும் 320 ஏக்கர் பரப்புக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். மற்றப் பாதி, இது வேளாண்மைச் சந்தையாகப் பிறந்தது என்பதில் இருக்கிறது. மினசோட்டா மாநிலமான மறு ஆண்டே, 1859-இல், முதல் சந்தை நடந்தது; இப்போதைய இடத்துக்கு 1885-இல் வந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்திலும், 1945-இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போதும், 1946-இல் இளம்பிள்ளைவாதம் பரவியபோதும், 2020-இல் கொரோனாவாலும் நின்றதைத் தவிர, பெரும்பாலும் விடாமல் நடந்துவருகிறது. 2019-இல் 12 நாட்களில் 21 இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

அந்த 12 நாட்கள் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையான அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று முடிகின்றன. அந்த நாளுக்கு முன்னால் அரசுப் பள்ளிகளைத் திறக்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது (விதிவிலக்குகளும் உண்டு). ஆகவே இங்கே பிள்ளைகளுக்கு விடுமுறை முடிவதும் சந்தை முடிவதும் ஏறக்குறைய ஒரே மூச்சில் நிகழ்கின்றன. ஆறு மாதக் குளிர் அடுத்து வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பெரியவர்களும் இப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சந்தையின் பழைய கடைகள் பலவற்றில் ஒரே ஒரு பண்டம்தான் விற்பார்கள். உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடையில் அதைத் தவிர வேறொன்றும் இருக்காது. சோளக் கடையில் சோளம் மட்டும்தான். எனவே எண்ணெய்ச் சட்டியில் கோழியும் கிழங்கும் கலந்து வேகுமோ என்ற அச்சம் இப்படிப்பட்ட கடைகளில் பெரிதும் குறைந்துவிடும். பத்து வகை எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடையென்றால் கேட்காமல் வாங்காதீர்கள். இருந்தாலும் என்ன எண்ணெய் என்பதை எங்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சந்தையின் இணையதளத்தில் ஒவ்வொரு பண்டமும் எங்கே கிடைக்கும் என்று தேடும் வசதியும் இருக்கிறது. அதில் சைவப் பண்டங்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சுட்ட சோளத்தை வாங்குங்கள். ஆகஸ்ட் இறுதிதான் மினசோட்டாவில் இனிப்புச் சோளம் உச்சத்தில் இருக்கும் காலம். தோகையை உரித்துப் பின்னால் மடித்து, அதையே கைப்பிடியாக்கி, சோளத்தை அப்படியே உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருவார்கள். மெரினாவில் கரியில் வாட்டி எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துத் தரும் சோளம் கடினமானது, மெல்ல வேண்டியது. இது பல் பட்டதுமே பாலாகத் தெறிக்கும். அம்மாவின் கைப்பையில் ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடியும் உப்பும் இருக்கட்டும். வேளாண்மை மற்றும் தோட்டக்கலைக் கட்டடத்தில் இங்கே விளைந்த ஆப்பிளும், உறையவைத்த ஆப்பிள் சாறும், தேன் ஐஸ்கிரீமும் கிடைக்கின்றன. பெயர்பெற்ற ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991-இல் வெளியிட்டதுதான், ஆனால் அது பழுப்பது செப்டம்பரில். சந்தைக் காலத்தில் முன்பருவ வகைகளைத்தான் எதிர்பார்க்கலாம். அதே கட்டடத்தில் கடுகு, சோளம், ஆளி விதை என்று ஒவ்வொரு விதையாக ஒட்டி வரைந்த படங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். நவதானியம் எடுத்துப் பழகிய கைகளுக்கு அவற்றைக் கடந்து போக மனம் வராது.

அப்பாவுக்கு, 1947 முதல் இங்கே விற்கப்படும் பிராண்டோ பப் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். குச்சியில் குத்திய சாசேஜை மாவில் தோய்த்துப் பொரித்தது அது. குச்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட், மென்மையாகப் பேசிக்கொண்டு பெரிய தடியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற தம் புகழ்பெற்ற பேச்சை 1901 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்தச் சந்தையில்தான் பேசினார். நான்கு நாள் கழித்து பஃபலோ நகரின் பொருட்காட்சி ஒன்றில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டார். அந்த மாதமே ரூஸ்வெல்ட் பதவியேற்றார்.

எதை வாங்கினாலும் ஒன்றே ஒன்று வாங்கி ஐந்து பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கொன்று வாங்குகிறவர்கள் பதினொரு மணிக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தயிர்சாதம்:

பால்பொருள் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சீஸ் கர்ட்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாமல் உங்களை யாரும் விடமாட்டார்கள்.

பாலைத் திரித்து, அழுத்திக் கட்டியாக்குவதற்கு முன் கிடைக்கும் துண்டுகள்தாம் கர்ட்ஸ். புதிதாக இருக்கும்போது பல்லில் உராய்ந்து கீச்சிடும். ஓரிரு நாளில் அந்த ஒலி போய்விடும். பனீரை அமிலம் சேர்த்துத் திரிப்பதால் பொரித்தாலும் அது உருகுவதில்லை. கர்ட்ஸ் ரென்னெட் என்ற நொதியால் திரிக்கப்படுவது. ஆகவே மாவில் தோய்த்துப் பொரித்தால் உள்ளே இளகி நூலாக இழுபடும். சந்தைக்கு 1975-இல் வந்த இந்தப் பண்டத்தின் கவர்ச்சியே அதுதான். ஆனால் ரென்னெட் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று அமெரிக்காவில் பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து உண்டாக்கும் நொதியையே பயன்படுத்துகிறார்கள் என்றாலும், எந்தக் கடை எந்தச் சீஸை வாங்குகிறது என்பதைக் கேட்டால்தான் தெரியும். மேல்மாவில் முட்டை இருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் அம்மா இதை விட்டுவிடுவதே நல்லது. சிறு டோனட்டுகளும், 1979 முதல் விற்கப்படும் ஸ்வீட் மார்த்தா குக்கீகளும் அப்படித்தான். முட்டை சேராத குக்கீயையோ டோனட்டையோ அங்கே தேடி அலைய வேண்டாம். தேன் ஐஸ்கிரீமிலும் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு ஈடாக, ஒரு முறை பணம் கொடுத்தால் எத்தனை குவளை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று பால் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. வெயிலில் நடந்து வந்து குளிர்ந்த பாலை மூன்று குவளை குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்துவிடும்.

பால்பொருள் கட்டடத்தில் வெண்ணெய்ச் சிலைகளை மறக்காதீர்கள். பால்பண்ணைக் குடும்பப் பெண்களில் ஒருவரைப் ‘பிரின்சஸ் கே ஆஃப் த மில்க்கி வே’ என்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருடைய தலையையும் இறுதிச் சுற்றுக்கு வந்த மற்றப் பெண்களின் தலைகளையும், ஆளுக்கு 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ வெண்ணெயில் செதுக்குவார்கள். கண்ணாடிச் சுவர் கொண்ட, மெல்லச் சுழலும் குளிரறையில் சிற்பி கத்தியோடு இருக்க, அந்தப் பெண் கனத்த மேலாடையைப் போர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். வெளியே வியர்வை வழிய நாம் நின்று பார்ப்போம். லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 1972 முதல் 2021 வரை இந்த வேலையைச் செய்தார்.

சிக்கனம்:

சாப்பாட்டிலேயே எல்லோரும் நிற்பதால் செலவைப் பற்றி நான் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம், சோளம், வறுவல், ராட்டினம் என்று ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் நல்ல உணவகத்தில் இரண்டு வேளை சாப்பிடும் பணம் போய்விடும். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. தொடக்க நாளான வியாழக்கிழமை எல்லோருக்குமே கட்டணம் குறைவு. சனி, ஞாயிறுகளில் முதியவர்களை அழைத்துப் போவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கூட்டத்தில் நடப்பதே நகர்வதுதான்.

ஏரிநாட்டார் சாப்பாட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார். அது தவறு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தொழுவங்களுக்குப் போங்கள். முதல் சில நாட்களில் ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பின் பிள்ளைகள் தங்கள் மாடுகளைக் குளிப்பாட்டி, ஊதுகருவியால் முடியை உலர்த்தி, சீவி நிறுத்தும் வேலையைப் பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும் உங்கள் அப்பாவுக்கு? கன்றும் குட்டியும் ஈனுவதை நேரில் பார்க்கும் ‘மிராக்கிள் ஆஃப் பர்த்’ கூடத்துக்கும் போய்விட்டு, பசியோடு வந்து சோளத்தை வாங்குங்கள். வண்டியை இலவச நிறுத்துமிடம் ஒன்றில் விட்டுவிட்டுப் பேருந்தில் வருவது நல்லது. ஸ்னெல்லிங் சாலையில் ஓடும் ஏ லைன் பேருந்தும் அருகிலேயே நிற்கிறது.

சோளக்கொல்லை:

நான் பக்கத்து மாநிலமான அயோவாக்காரன் என்பதால் ஒரு சொல் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் தலைநகரான டெ மாய்னில் நடக்கும் சந்தை ஆகஸ்ட் நடுவிலேயே வந்துவிடும். உங்களூர்க்காரர்கள் வெண்ணெயில் தலையைச் செதுக்கினால் நாங்கள் 1911 முதல் முழுப் பசுவையே வைக்கிறோம். சுமார் 600 பவுண்டு வெண்ணெயை மரமும் கம்பியும் சேர்ந்த சட்டத்தின் மேல் பூசி ஆள் உயரப் பசுவாக்குவார்கள். அதே வெண்ணெயைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அதை யாரும் தின்ன முடியாது. மினசோட்டாப் பெண்களோ தங்கள் தலையை வீட்டுக்கு எடுத்துப்போய், ஊராரைக் கூட்டிச் சோள விருந்து வைத்து அதிலேயே செலவழித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் தோற்றோம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மூட்டுவலி உள்ளவருக்கு ஒரு யோசனை. அங்கே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவேளையில் 1915 முதல் ஓடும் ‘ஓல்டு மில்’ படகில் ஏற்றிவிடுங்கள். இருட்டுக் கால்வாயில் படகு தானாகவே மெதுவாக மிதந்து போகும், உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். இளம் ஜோடிகளுக்காக வந்த சவாரி அது என்பதை மட்டும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதில்லை.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை போய்வந்தோம், அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

சிக்கனம் அவர்கள் சொன்னபடி தொழுவத்திலிருந்து தொடங்கினோம். அங்கிருந்து அப்பாவைக் கிளப்ப இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு பெண்பிள்ளை தன் பசுவின் வாலைச் சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எத்தனை ஈத்து, எத்தனை லிட்டர் கறக்கிறது என்று என் மூலம் விசாரித்தார். அந்தப் பெண் பவுண்டுக் கணக்கில் சொன்னதை நான் லிட்டராக மாற்றிச் சொன்னதும் நம்பாமல் மறுபடி கேட்கச் சொன்னார்.

அம்மா சோளம் இரண்டு சாப்பிட்டார், மிளகாய்ப்பொடியோடு. பக்கத்தில் நின்றிருந்த ஒரு முதியவரும் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டார். அவர் முகம் சிவந்த வேகத்தைப் பார்த்து என் மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் கடையில் எண்ணெயைப் பற்றிக் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். வேறொரு கடையில், வரிசை நீள்கிறது என்று கையைக் காட்டிவிட்டார்கள், விட்டுவிட்டோம். சீஸ் கர்ட்ஸை அப்பாவும் மகளும் முடித்தார்கள். குக்கீ வாளியை வாங்கியது மட்டும் என் பிழை. வாளியின் வாய்க்கு மேலே கோபுரமாகக் குவித்துத் தந்ததில் பாதி இன்னும் எங்கள் வீட்டு உறைபெட்டியில் இருக்கிறது, அப்பாவின் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

பால் கடையில் அம்மா நான்கு குவளை குடித்தார். காசு கொடுத்தாயிற்று, விடக் கூடாது என்பது காரணம். புளியோதரையைப் பேருந்து நிறுத்தத்தில் பிரித்தோம்.