ஈராசிரியர் பள்ளிகள்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

கரும்பலகை எழுதியது:

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடச் சென்றிருந்தேன். தலைமையாசிரியர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போயிருந்தார். மற்றோர் ஆசிரியை, ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் நின்று, கல்வித் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் எதையோ பதிவேற்றிக்கொண்டிருந்தார். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு எதிரே நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அடிக்குச்சியும் கையுமாக நின்று, ஒவ்வொரு சிலேட்டாக வாங்கிச் சரி போட்டுக்கொண்டிருந்தாள். தலைகீழாக எழுதப்பட்ட ‘உ’வுக்கும் சரிதான் விழுந்தது. “இன்னிக்கு நீதான் டீச்சரா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “காலையில நான் பாத்துக்குவேன், மத்தியானம் இன்னொரு அக்கா வருவாங்க” என்று மிக இயல்பாகச் சொன்னாள். முறை வைத்துப் பார்க்கிறார்கள் என்றால் இது ஒரு நாள் நெருக்கடி அல்ல, வழக்கமாகிவிட்ட ஏற்பாடு என்பதுதான் என்னை இன்றுவரை விடவில்லை.

இடைநிலை ஆசிரியை எழுதியது:

ஜன்னலோரம் நின்றவர் வேலையைத் தட்டிக்கழித்தார் என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளைத் தவிர, கல்வி சாராத வேறு எதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பதிவேற்றம் செய்வது கல்வி சார்ந்த பணி என்றே கணக்கில் வருவதால், அந்தப் பிரிவு எங்களைக் காப்பாற்றுவதில்லை.

என் அனுபவம் வேறு. மூத்த மகளை என்னிடம் படிக்க வைத்த ஒரு தாய், தம்பியையும் எங்கள் பள்ளியிலேயே முதல் வகுப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு ஒதுக்கீட்டுக் குலுக்கலில் தனியார் பள்ளியில் இடம் கிடைத்ததும், அதைச் சொல்வதற்காகவே என்னைத் தேடி வந்தார். “உங்களைக் குறை சொல்லல டீச்சர், அங்க ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு டீச்சர் இருக்காங்க” என்றார். மறுத்துப் பேச என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று என்பது சட்டத்தின் அட்டவணை; அந்தப் பையன் சேர்ந்திருந்தால் எங்கள் எண்ணிக்கை 61. ஆகஸ்டு முதல் நாள் நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் நடந்தது, மூன்றாவது பணியிடம் உபரியானது, எங்களில் இளையவர், உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போனார். ஆசிரியர் போதாததால் பிள்ளைகள் விலகுகிறார்கள், பிள்ளைகள் விலகியதால் ஆசிரியர் குறைக்கப்படுகிறார். இதில் எதை முதலில் சரிசெய்வார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வரவுசெலவு எழுதியது:

மேலே இருவரும் பள்ளி அளவிலேயே நின்றுவிட்டீர்கள். 1964–66ஆம் ஆண்டுகளில் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு, தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. பின்னர் வந்த தேசியக் கொள்கைகளும், 2020ஆம் ஆண்டின் கொள்கை உட்பட, அதே 6ஐத்தான் திரும்பச் சொல்லின. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே இலக்கை எழுதிக்கொண்டிருக்கும் நாட்டில், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? எல்லாப் பிள்ளைகளும் வேறுபாடின்றிப் படிக்கும் பொதுப்பள்ளி முறையையும் அதே குழு பரிந்துரைத்தது என்பதை இப்போது நினைவுபடுத்துவோர் கூடக் குறைவு.

என் சந்திப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேருங்கள் என்று ஒரு கூட்டத்தில் உருக்கமாகப் பேசிய அதிகாரி, கேள்வி நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மகனை மெட்ரிக் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முன்வரிசையில் இருந்த பெற்றோர் சிரித்தார்கள். அவருக்கு ஏன் என்று புரிந்ததாகத் தெரியவில்லை.

முதல் பதிவாளருக்கு என் யோசனை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், ஆகவே தயங்காதீர்கள். கல்வியாண்டில் எத்தனை நாட்கள் ஆசிரியர்கள் பயிற்சிக்கும் மாற்றுப்பணிக்கும் அனுப்பப்பட்டார்கள், அந்நாட்களில் வகுப்பை யார் எடுத்தார்கள், பதிவேற்ற வேண்டிய விவரங்கள் எவை என்று தனித்தனியாகக் கேட்டு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்ததும் அதைத் தீர்மானத்துடன் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பி, நகலில் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளிகளின் குழுக்களையும் இதேபோலச் செய்யச் சொல்லுங்கள்.

தெற்குத் தெரு எழுதியது:

அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசு நடத்தும் பள்ளிகளிலேயே படிக்க வழிசெய்ய வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது; தீர்ப்பு செய்தியானது, பள்ளிகள் அப்படியேதான் இருந்தன. அவர் மகன் நாளை இந்தப் பள்ளிக்கு வந்தாலும், காலையில் ஓர் அக்காவிடமும் மத்தியானம் இன்னோர் அக்காவிடமும்தான் சிலேட்டை நீட்டுவான்.

கரும்பலகை எழுதியது:

வரவுசெலவு அவர்களுக்கு: நான் யோசனை கேட்கவில்லை என்றாலும் நன்றி. ஆனால் நீங்கள் சொல்லும் மனு சுற்றிச் சுற்றி எங்கள் பள்ளிக்குத்தான் வரும். பதிவேடுகளைப் புரட்டி, நாள்களை எண்ணி, அட்டவணை போட்டுப் பதில் தயாரிக்க வேண்டியவர் அதே ஆசிரியைதான், அந்த நேரமும் வகுப்பிலிருந்துதான் போகும். ஒருவர் பயிற்சிக்குச் செல்லும் நாளில் மாற்று ஆசிரியர் வராமல் அவரை விடுவிக்கக் கூடாது என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரை அடுத்த கூட்டத்துக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறோம். அவர் வந்தால் இங்கே எழுதுகிறேன்.