கன்னங்குறிச்சி வீடு இருவர் பேரிலும் இருக்கிறது, முன்னாள் மனைவியோடு இப்போது வேறொருவர்: விற்கச் சொல்ல முடியுமா?

மலையடிவாரம்:
2022-ல் சேலம் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. கிரயப் பத்திரத்தில் இருவர் பேரும் இருக்கிறது, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதவில்லை. வங்கிக் கடனும் இருவர் பேரில்தான், தவணை மட்டும் என் சம்பளத்தில் போகிறது. மகள் பிளஸ் டூ முடிக்கும்வரை அவளும் அம்மாவும் அங்கே இருக்கட்டும், அப்புறம் விற்றுப் பிரிப்போம் என்று கூட்டு மனுவில் எழுதினோம். இப்போது அங்கே இன்னொருவர் தங்குகிறார். மகளைக் கூப்பிடப் போனால் நான் டைல்ஸ் போட்ட போர்டிகோவில் அவருடைய புல்லட் நிற்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், வேறொருவர் குடிவந்தால் உடனே விற்கணும் என்கிறான். தவணையை நிறுத்தலாமா?

அஸ்தம்பட்டி வக்கீல்:
உங்கள் தம்பி சொல்வது இங்கிலாந்துக் கதை சார். அங்கே பிள்ளை வளரும்வரை விற்பனையைத் தள்ளிவைக்கும் உத்தரவுகளில், மறுமணம் செய்தாலோ வேறொருவரோடு வாழத் தொடங்கினாலோ விற்கணும் என்று பெரும்பாலும் ஒரு ஷரத்து இருக்கும். உங்கள் மனுவில் அது இல்லையென்றால் புல்லட் நிற்பதால் எதுவும் மாறாது. இந்து திருமணச் சட்டம் 25(3) பிரிவில் மறுமணம், வேறு உறவு என்று காட்டி ஜீவனாம்சத்தை மாற்றக் கேட்கலாம். அது ஜீவனாம்சத்துக்கு மட்டும், வீட்டுப் பங்கைத் தொடாது. பங்குக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 45-ஆவது பிரிவு: யார் எவ்வளவு பணம் போட்டாரோ அந்த விகிதம், ஆதாரம் இல்லையென்றால் சமம்.

லோன் செக்ஷன்:
தவணையை மட்டும் நிறுத்திடாதீங்க. வங்கிக்கு உங்க விவாகரத்து தெரியாது, தெரிஞ்சாலும் கவலை இல்லை. ரெண்டு பேர் சிபில் ஸ்கோரும் போகும், கடைசியில் வீடு ஏலத்துக்கு வரும், மகளும் சேர்த்துத்தான் வெளியே நிற்பாள்.

அழகாபுரம் அக்கா:
தம்பி, விவாகரத்து ஆன பிறகு அவங்க யாரோட இருக்காங்க என்பது அவங்க விஷயம். நீங்க பார்க்க வேண்டியது வேற: அவங்க பாகத்தை அந்த ஆள் பேருக்கு எழுதிக் கொடுத்தால், நாளைக்கு நீங்க பாகம் பிரிக்க வேண்டியது அவரோடு. பத்திரப் பதிவுத் துறை இணையத்தில் அவ்வப்போது வில்லங்கம் போட்டுப் பாருங்க. மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் அதில் உங்க பங்கையும் கேட்கலாம்.

மலையடிவாரம்:
வாடகை எதுவும் இல்லை அக்கா. மனுவை எடுத்துப் பார்த்தேன், “கடன் பாக்கியை அடைத்தபின் மீதி சரிபாதி” என்று இருக்கிறது, குடிவருவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மகள் இப்போது பதினொன்றாவது.

அஸ்தம்பட்டி வக்கீல்:
அப்படியானால் 45-ஐ விடுங்கள், ஒப்புக்கொண்ட சரிபாதிதான் நிற்கும். பிளஸ் டூ முடிந்தும் விற்க மறுத்தால் அந்த விவாகரத்துத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டோ, பாகப்பிரிவினை வழக்காகவோ போகலாம். அதுவரை தவணை கட்டிய வங்கிக் கணக்கு விவரத்தை வருஷவாரியாக எடுத்து வையுங்கள், கணக்குத் தீர்க்கும்போது பேச்சுக்கு உதவும். உங்கள் முன்னாள் மனைவி வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் உங்கள் பாதிக்குப் பணம் கொடுத்து, நீங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளட்டும். குடும்பத்துக்குள் எழுதும் சலுகை முத்திரைக் கட்டணம் விவாகரத்துக்குப் பிறகும் பொருந்துமா என்று சார்பதிவாளரிடம் முதலிலேயே கேளுங்கள். கடனிலிருந்து உங்கள் பெயரை வங்கி எழுத்தில் எடுக்கும்வரை அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.