மணி வீட்டுக்குள் உட்காருகிறான், தெருவில் கூப்பிட்டால் வருவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி (தண்டையார்பேட்டை)

எங்கள் மணிக்கு ஏழு மாதம், நாட்டு நாய். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை என் கணவர் தூக்கிவந்தார். மூன்று மாதமாகப் பழக்குகிறோம். பிஸ்கட் காட்டினால் உட்காருவான், சில நாள் அதுவும் இல்லை. 'வா' என்றால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்துவிடுகிறான்.

போன வாரம் கேட் திறந்திருந்தது. மீன்காரம்மா கூடையைப் பார்த்து ஓடினான். 'மணி வா, வா' என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி பிரேக் அடித்து நின்றது. இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது. அடித்தால்தான் படியும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எனக்கு மனசு வரவில்லை.

பதில் (ராயபுரம்)

அடிக்காதீர்கள் அக்கா. இரண்டு விஷயம் சொல்லுங்கள். உட்கார வைக்க வீட்டில் யார் யார் என்ன வார்த்தை சொல்கிறீர்கள்? 'வா' என்று கூப்பிட்டு, வந்ததும் அவனை என்ன செய்கிறீர்கள்?

கேட்டவர்

நான் 'உட்காரு' என்பேன். பையன் 'சிட்'. அத்தை 'குந்து'. 'வா' என்று கூப்பிடுவது குளிப்பாட்ட, உண்ணி எடுக்க, அப்புறம் சங்கிலி போட.

பதில் (ராயபுரம்)

அவன் பிடிவாதக்காரன் இல்லை அக்கா. மூன்று பேர் மூன்று பாஷை பேசுகிறீர்கள், அவனுக்கு அது மூன்று தனித்தனி சத்தம். ஒன்றை மட்டும் வையுங்கள். என்னைக் கேட்டால் 'குந்து'தான். 'உட்காரு', பிறகு கற்றுத்தரப்போகும் 'இரு' இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன, குழம்பும். 'குந்து' தனியாகக் கேட்கும்.

அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே, பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போகும், பின்புறம் தானாகத் தரையில் படும். பட்ட அந்த நொடியே வாயில் கொடுங்கள். எழுந்தபிறகு கொடுத்தால் எழுந்ததற்குத்தான் கூலி. முதல் இரண்டு நாள் வார்த்தையே வேண்டாம், கை மட்டும். கையைப் பார்த்து உட்காரத் தொடங்கியபின், கை அசையும் முன் 'குந்து' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன், ஐந்து நிமிடம் போதும். இடுப்பைப் பிடித்து அழுத்தக் கூடாது.

'வா' கெட்டுப்போன வார்த்தை. அதை விட்டுவிடுங்கள். உங்கள் அத்தை தெரு நாய்க்குச் சோறு வைக்கும்போது எப்படிக் கூப்பிடுவார்?

கேட்டவர்

'தோ தோ' என்பார். அதற்கு மட்டும் மணி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருவான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் (வியாசர்பாடி)

அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'தோ தோ' என்று கூப்பிட்டு ஒருநாளும் குளிப்பாட்டாதீர்கள். குளியலுக்கு நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

இன்னொன்று, டைல்ஸ் தரையா? வழுக்கினால் உட்காரத் தயங்கும். சாக்குப்பை விரித்துப் பாருங்கள். எங்கள் நாய்க்கு அதுதான் பிரச்சினையாக இருந்தது. ஈரலுக்குப் பதிலாகக் கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். காதை மடக்குவது வலியாலும் இருக்கலாம். உண்ணி இருந்தது என்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பாக்கி இருந்தால் அதையும் போட்டுவிடலாம்.

பதில் (பெரம்பூர்)

தெருவுக்கு இப்போதே போகாதீர்கள் மா. முதலில் கூடம், அப்புறம் மாடிப்படி, அப்புறம் மூடிய கேட்டுக்குள். அதன்பின் விடியற்காலையில், தெரு அடங்கியிருக்கும்போது, இருபதடிக் கயிறு கட்டி. கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டையில் கட்டுங்கள், ஓடி இழுத்தால் கழுத்து நெரியாது. தப்பி ஓடினால் துரத்தக் கூடாது, துரத்துவது அவனுக்கு விளையாட்டு. நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடிக் கூப்பிடுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

காதில் புண் இருந்தது, மருந்து விட்டு ஆறிவிட்டது. சாக்கு விரித்த அன்றே நன்றாகக் குந்தினான். பையன்தான் 'சிட்'டை மறக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். நேற்று கேட்டுக்கு வெளியே மீன்காரம்மா கூடையை இறக்கினார். மணி கயிற்றின் முழு நீளத்துக்குப் போய் நின்றான். அத்தை படியில் உட்கார்ந்தபடியே 'தோ தோ' என்றார். கூடையை ஒரு தடவை பார்த்தான், திரும்பி வந்து அவர் காலடியில் குந்தினான். அத்தை அழுதுவிட்டார். கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

'இரு' எப்படி ஆரம்பிப்பது?

பதில் (ராயபுரம்)

ரொம்ப சந்தோஷம் அக்கா. குந்தியதும் 'இரு' என்று சொல்லி, ஒரு நொடி பொறுத்துக் கொடுங்கள். நாளைக்கு இரண்டு நொடி. நீங்கள் நகர்வதெல்லாம் அப்புறம். கேட்டைத் திறப்பதற்கு முன் தினமும் இதைச் செய்யுங்கள்.